ஒளி, அணு பரிசோதனைப் பெட்டி: ஹீலியம் குழாய்க்காக வாங்கலாம், கையேட்டுக்காக வேண்டாம்

ஒளியின் குவாண்டம் இயல்பு, ஆரம்பகால அணு மாதிரிகள் ஆகிய இரண்டு பாடங்களையும் ஒரே பெட்டியில் தருகிறோம் என்று விற்கும் பரிசோதனைத் தொகுப்பைப் பற்றி எழுதுகிறேன். வாங்கலாமா என்றால், வாங்கலாம். கருவிகள் நன்றாக இருக்கின்றன, சில மிக நன்றாக இருக்கின்றன. கூட வரும் கையேடுதான் அவற்றைக் கெடுக்கிறது. நீங்கள் எதைப் பார்க்கப்போகிறீர்கள், பார்த்தபின் என்ன முடிவுக்கு வரவேண்டும் என்று எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறது, சொன்னதில் சிலது தவறாகவும் இருக்கிறது. அதனால் கையேட்டை மூடி வைத்துவிட்டு கருவிகளோடு உட்காருவதுதான் இந்தப் பெட்டியைப் பயன்படுத்தும் சரியான வழி என்பது என் கருத்து.

உள்ளே ஹைட்ரஜன், ஹீலியம், நியான் என மூன்று மின்னிறக்கக் குழாய்கள், அவற்றுக்கான மின்வழங்கி, கையில் பிடித்துப் பார்க்கும் நிறமாலைகாட்டி ஒன்று. அடுத்து, ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும் ஒளிமின் விளைவுக்கான ஒளிமின்கலம், ஒரு பாதரச விளக்கு, நிற வடிகட்டிகள். ஒளியின் அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் பிளாங்க் மாறிலியை எல்இடி வைத்துக் கணக்கிடும் சிறு பலகை ஒன்றும் உண்டு. கடைசியாக, ஆல்பா துகள்கள் அணுக்கருவில் பட்டுத் திசைமாறும் ரூதர்ஃபோர்டு சிதறலைக் காட்ட ஒரு பிளாஸ்டிக் மேடும் எஃகு குண்டுகளும். இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அணு மாதிரி என்று விளக்குகள் எரியும் வட்டத்தட்டும் ஒன்று வருகிறது, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுப்பாதைகளைச் சம இடைவெளியில் வரைந்திருக்கிறார்கள், ஆனால் போரின் கணக்குப்படி ஆரம் 1, 4, 9 என்று வர்க்கமாக வளர வேண்டும். முதல் பாதை 0.053 நானோமீட்டர் என்றால் மூன்றாவது 0.48 பக்கம். பார்ப்பவர் மனதில் தவறான படம் பதியும் என்பதால் அதை எடுத்து உள்ளேயே வைத்துவிடலாம்.

முதலில் ஹைட்ரஜன் குழாய். நடுவில் மெலிந்திருக்கும் தந்துகிப் பகுதியில்தான் வெளிச்சம் பளிச்சென்று இருக்கும். நிறமாலைகாட்டியின் பிளவை அதற்கு நேராகப் பிடித்தால் சிவப்பில் 656, நீலப்பச்சையில் 486, நீலஊதாவில் 434 நானோமீட்டர் என்று மூன்று கோடுகள் தனித்தனியாக நிற்கும். நான்காவதான 410 இருட்டு அறையில் கண் பழகிய பிறகுதான் தெரியும், சிலருக்கு அப்போதும் தெரியாது, அது கண்ணின் எல்லை, கருவியின் குறை அல்ல. கையேட்டுப் படத்தில் கறுப்புப் பின்னணியில் நான்கு கோடுகள் மட்டும் இருக்கின்றன. நிஜத்தில் கோடுகளுக்கு நடுவே மங்கலான ஒளிப்படலமும் மெல்லிய கோடுகளும் தெரியும், ஏனென்றால் குழாயில் பிரிந்த அணுக்கள் மட்டுமல்ல, பிரியாத ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் ஒளிர்கின்றன. இதைக் கையேடு ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. முதல்முறை பார்ப்பவர் குழாய் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்.

அளவுகோலை அப்படியே நம்பக்கூடாது. பெட்டியில் இருக்கும் பாதரச விளக்கையே முதலில் நிறமாலைகாட்டியில் பார்த்து, நீலத்தில் 435.8, பச்சையில் 546.1 எங்கே விழுகின்றன என்று குறித்துக்கொண்டு, அந்த வித்தியாசத்தைக் கழித்துப் படித்தால் ஹைட்ரஜன் கோடுகள் சில நானோமீட்டர் பிழைக்குள் வந்துவிடும். பாதரசத்தின் மஞ்சளில் 577, 579 என்று இரட்டைக்கோடு உண்டு, அது இதில் ஒற்றைக்கோடாகத்தான் தெரிகிறது. பிளவின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்திருந்தால் பிரித்துப் பார்க்க முயன்றிருக்கலாம். வைக்காதது ஒரு குறைதான், அதற்காகத் திருப்பி அனுப்பும் அளவுக்கு இல்லை.

இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1885இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்துவந்த பால்மர், அறுபது வயதில், இயற்பியலாளர் ஆங்ஸ்ட்ரம் அளந்து வைத்திருந்த அலைநீளங்களை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். 364.56 நானோமீட்டர் என்ற ஒரே எண்ணை 9/5, 4/3, 25/21, 9/8 ஆகியவற்றால் பெருக்கினால் நான்கு கோடுகளும் வந்துவிடுகின்றன. அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது, எலக்ட்ரானே 1897இல்தான் தாம்சன் கையில் சிக்குகிறது. அந்த வாய்ப்பாட்டை நீங்களே சோதிக்கலாம். சிவப்புக் கோட்டின் அலைநீளத்தை நீலப்பச்சைக் கோட்டின் அலைநீளத்தால் வகுங்கள், 27/20, அதாவது 1.35 வர வேண்டும். இந்த மலிவான நிறமாலைகாட்டியிலும் அது வருகிறது! ரிட்பெர்க் மாறிலி தெரியவேண்டாம், போரின் சமன்பாடு தெரியவேண்டாம், ஒரு வாயு தன் ஒளியில் முழு எண்களை எழுதி வைத்திருக்கிறது என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கும். கையேடோ பால்மர் வாய்ப்பாட்டின் பொது வடிவமான ரிட்பெர்க் சமன்பாட்டை நேரடியாகக் கொடுத்து, அதன் மாறிலிக்கு மீட்டருக்கு 1.097 × 10⁷ என்ற மதிப்பையும் கொடுத்து, கோடுகள் அதற்குள் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கச் சொல்கிறது. விடையைக் கொடுத்துவிட்டு வினாவைக் கேட்பதில் என்ன பரிசோதனை இருக்கிறது?

1913இல் போர் செய்ததையும் இந்த இடத்திலேயே புரிந்துகொள்ளலாம். அவர் நிறமாலையிலிருந்து தொடங்கவில்லை. நடுவில் அணுக்கரு, சுற்றி எலக்ட்ரான் என்ற ரூதர்ஃபோர்டின் அணு ஏன் உடைந்து விழாமல் நிற்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்கினார். சுற்றும் எலக்ட்ரான் பழைய மின்காந்தவியல்படி ஒளியை உமிழ்ந்துகொண்டே ஆற்றலை இழந்து அணுக்கருவில் போய் விழ வேண்டும், அதுவும் 10⁻¹¹ வினாடி அளவிலான நேரத்துக்குள். அது நடக்கவில்லை, அணுக்கள் இருக்கின்றன. பால்மரின் வாய்ப்பாடு அவர் கவனத்துக்கு வந்ததே 1913இன் தொடக்கத்தில், நண்பர் ஒருவர் கேட்ட பிறகுதான். அப்புறம் சில மாதங்களில் எலக்ட்ரானுக்கு ஆற்றல் மட்டங்கள், மட்டம் விட்டு மட்டம் தாவல், மட்டங்களின் ஆற்றல் வித்தியாசமே ஒளியின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது என்று எல்லாம் சேர்ந்துவிட்டன. அடிமட்டம் கழித்தல் 13.6 எலக்ட்ரான் வோல்ட், மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கினால் 1.89, அதுதான் நீங்கள் பார்த்த சிவப்பு. கையேட்டில் இந்த நிலைப்புத்தன்மைக் கேள்வியே கிடையாது. போர் ஏதோ கோடுகளை விளக்குவதற்காக உட்கார்ந்து யோசித்தவர் போலத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது ஹீலியம். இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கையேடு இதற்கு ஒதுக்கியிருப்பது பாதி வரி. குழாயை மாற்றிப் பார்த்தால் சிவப்பில் 668, மஞ்சளில் 587.6, பச்சையில் 502, நீலத்தில் 447 என்று தெளிவான, ஹைட்ரஜனைவிடச் சுத்தமான கோடுகள் வரும். அந்த மஞ்சள் கோடு 1868 சூரிய கிரகணத்தை ஒட்டிச் சூரிய ஒளியில் முதலில் தென்பட்டது, சோடியத்தின் மஞ்சளோடு பொருந்தவில்லை, பூமியில் ராம்சே 1895இல் அந்த வாயுவைப் பிடிக்கும்வரை அது சூரியனில் மட்டும் இருக்கும் தனிமம் என்றே இருந்தது. ஆனால் நான் சொல்லவந்தது அது இல்லை. ஹைட்ரஜனுக்குச் செய்த அதே வகுத்தலை ஹீலியம் கோடுகளுக்கும் செய்து பாருங்கள். பால்மர் பாணியில் எந்த முழு எண்களைப் போட்டாலும் இந்த வரிசை வராது. போரின் மாதிரி ஒரே ஒரு எலக்ட்ரான் உள்ள இடத்தில்தான் வேலை செய்கிறது. ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம் அயனிக்கு அது அற்புதமாகப் பொருந்தியது. ஹைட்ரஜனுடையவை என்று நினைத்திருந்த சில கோடுகள் உண்மையில் அந்த அயனியுடையவை என்று போர் சொன்னார், அந்த அயனிக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள ரிட்பெர்க் மாறிலிகளின் விகிதம் சரியாக 4 வரவில்லையே என்று நிறமாலை ஆய்வாளர் ஃபவுலர் மறுத்தபோது அணுக்கருவும் கொஞ்சம் அசைகிறது என்பதைக் கணக்கில் சேர்த்து 4.0016 என்று காட்டினார், அளவீடும் அதையே சொன்னது. போரின் அந்த மாதிரியே இரண்டு எலக்ட்ரான் உள்ள சாதாரண ஹீலியத்திடம் தோற்றது, 1926 வரை யாராலும் அதைச் சரியாகக் கணக்கிட முடியவில்லை. ஒரு கோட்பாடு ஜெயித்த இடத்தையும் தோற்ற இடத்தையும் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அதைத் தயாரித்தவர்களே கவனிக்காமல் விட்டிருப்பதுதான் வருத்தம்.

நியான் குழாய் அழகாக இருக்கும், ஆரஞ்சிலும் சிவப்பிலும் கோடுகள் குவிந்து கிடக்கும். அவ்வளவுதான்.

ஒளிமின்கலப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள், இது அவசரப்பட்டால் ஏமாற்றும். பாதரச விளக்கின் முன் வடிகட்டியை வைத்து ஒரு நிறத்தை மட்டும் மின்கலத்தில் விழவிட்டு, எதிர் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மின்னோட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. முதலில் செய்யவேண்டிய சோதனை, விளக்கைத் தள்ளி வைப்பது. வெளிச்சம் குறையும், மின்னோட்டமும் குறையும், ஆனால் மின்னோட்டம் நிற்கும் அந்த எதிர் மின்னழுத்தம், அதாவது நிறுத்து மின்னழுத்தம், அநேகமாக அதே இடத்தில் இருக்கும். 1902இல் லெனார்ட் பார்த்துத் திகைத்த விஷயம் இதுதான். ஒளி வெறும் அலை என்றால் செறிவைக் கூட்டும்போது எலக்ட்ரான்கள் அதிக வேகத்தோடு வர வேண்டும், வரவில்லை. நிறத்தை மாற்றினால் மட்டுமே வேகம் மாறுகிறது. ஐன்ஸ்டீன் 1905இல் ஒளியின் ஆற்றல் சிப்பமாகத்தான் வருகிறது, ஒரு சிப்பத்தின் ஆற்றல் பிளாங்க் மாறிலியை அதிர்வெண்ணால் பெருக்கினால் கிடைக்கும் என்று எழுதி, நிறுத்து மின்னழுத்தத்தை அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

405இலிருந்து 546 நானோமீட்டருக்கு மாறும்போது நிறுத்து மின்னழுத்தத்தில் 0.79 வோல்ட் வித்தியாசம் வர வேண்டும். கையேட்டில் சொன்னபடி மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தைக் குறித்தால் அதைவிடக் குறைவாகத்தான் வரும். காரணம், ஒளி சிதறி நேர்மின்வாய் மீதும் விழுகிறது, அங்கிருந்தும் எலக்ட்ரான்கள் கிளம்பி எதிர்த்திசையில் ஒரு சிறு மின்னோட்டம் ஓடுகிறது. எதிர் மின்னழுத்தத்தை நன்றாகக் கூட்டி, அந்தச் சிறு மின்னோட்டம் மாறாமல் நிற்கும் தட்டையான பகுதியைப் பிடித்து, வளைவு அதிலிருந்து எங்கே பிரிகிறது என்று பார்த்துக் குறியுங்கள். விடை கணிசமாக நெருங்கும். மில்லிகன் இதே பிரச்சினைகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர். சோடியம், பொட்டாசியம், லித்தியம் ஆகியவற்றின் மேற்பரப்பை வெற்றிடத்துக்குள்ளேயே கத்தியால் சீவிப் புதுப்பித்து அளந்தார், 1916இல் 6.57 × 10⁻³⁴ ஜூல் வினாடி என்று வெளியிட்டார். இன்று 6.626 என்று வைத்திருக்கிறோம், ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை.

எல்இடி பலகையைப் பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நிற எல்இடியும் மினுங்கத் தொடங்கும் மின்னழுத்தத்தைப் படித்து, அதிர்வெண்ணுக்கு எதிராக வரைபடம் போட்டால் பிளாங்க் மாறிலி வந்துவிடும் என்கிறார்கள். மினுங்கத் தொடங்கியதா இல்லையா என்பதை முடிவுசெய்வது உங்கள் கண், கண்ணோ பச்சைக்குக் கூர்மை, அடர்சிவப்புக்கும் ஊதாவுக்கும் மந்தம். அதற்கு மேல், சிவப்பு எல்இடியும் நீல எல்இடியும் வெவ்வேறு குறைகடத்திப் பொருளால் ஆனவை, அதனால் ஒவ்வொன்றிலும் பிழை ஒவ்வொரு அளவு. மாறிலி 10, 20 சதவீதம் தள்ளி வந்தால் நீங்கள் தவறு செய்யவில்லை, இந்த முறையின் தரம் அவ்வளவுதான். எல்லா எல்இடிக்கும் ஒரே சிறிய மின்னோட்டத்தை வைத்து அப்போதைய மின்னழுத்தத்தைப் படிப்பது கண்ணால் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். இதில் வெள்ளை எல்இடியையும் பட்டியலில் சேர்த்து அதற்கு ஒரு அலைநீளத்தைப் போட்டிருப்பதை மன்னிக்கவே முடியாது. வெள்ளை எல்இடி என்பது நீலச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு. அதை நிறமாலைகாட்டியில் பாருங்கள், நீலத்தில் ஒரு முகடும் அதன் பக்கத்தில் பச்சையிலிருந்து சிவப்புவரை அகன்ற பட்டையும் தெரியும்.

ரூதர்ஃபோர்டு மேடு எளிமையான பொருள், ஆனால் யோசித்துச் செய்திருக்கிறார்கள். மையத்தை நெருங்க நெருங்க உயரம் தூரத்தின் தலைகீழாக ஏறும்படி பிளாஸ்டிக்கை வார்த்திருக்கிறார்கள், அதனால் அதன்மேல் உருளும் குண்டு அணுக்கருவை நெருங்கும் ஆல்பா துகள் போலவே விலகுகிறது. ஓரமாகப் போகும் குண்டு லேசாக வளையும், நேராக மையத்தை நோக்கிப் போவது ஏறி நின்று திரும்பி வரும். சாய்தளத்தின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். 1909இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் உலோகத் தகட்டில் மோதிய ஆல்பா துகள்களில் ஏறக்குறைய 8000இல் ஒன்று திரும்பி வருவதைக் கண்டார்கள், 1911இல் ரூதர்ஃபோர்டு அதிலிருந்து அணுக்கருவுக்கு வந்தார்.

இதில் இரண்டு குறைகள். முதலாவது, தாம்சன் மாதிரிக்கு ஒரு மேடு இல்லை. நேர்மின்சுமை அணு முழுவதும் பரவியிருந்தால் மேடு அகலமாகவும் தாழ்வாகவும் இருக்கும், எந்தக் குண்டும் திரும்பாது. அந்த இரண்டாவது மேட்டையும் வைத்திருந்தால் இரண்டிலும் குண்டை விட்டு, எந்த மாதிரி உண்மை என்று பார்ப்பவரே தீர்மானித்திருக்கலாம். இப்போது இருப்பதில் விடை முன்பே வார்த்து வந்துவிடுகிறது. இரண்டாவது இதைவிட மோசம். குண்டுகள் எந்தெந்தக் கோணத்தில் எத்தனை போகின்றன என்று எண்ணி, அரைக்கோணத்தின் சைனின் நான்காம் படிக்குத் தலைகீழாக வருகிறதா என்று சரிபார்க்கச் சொல்கிறது கையேடு. நான்காம் படி என்பது முப்பரிமாண வெளியில் சிதறும் ஆல்பா துகளுக்கு உரியது. பலகையில் உருளும் குண்டுக்கு இரண்டு பரிமாணம்தான் இருக்கிறது, அங்கே வருவது இரண்டாம் படி. நேர்மையாக எண்ணிய மாணவருக்குத் தன் எண்ணிக்கை தப்பு என்று தோன்றும், கையேட்டுக்குப் பொருந்தும்படி எண்களை மாற்றி எழுதவும் மனம் வரும். ஒரு பரிசோதனைப் பெட்டி செய்யக்கூடாத காரியம் அது.

கையேட்டின் வரலாற்றுப் பகுதியும் இதே ரகம். பிளாங்க், ஐன்ஸ்டீன், ரூதர்ஃபோர்டு, போர் என்று ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்பதுபோல எழுதியிருக்கிறார்கள். 1900 டிசம்பர் 14 அன்று பெர்லினில் பிளாங்க் அறிவித்தபோது ஒளியே துண்டு துண்டாக இருக்கிறது என்று சொல்லவில்லை, கரும்பொருள் கதிர்வீச்சின் வாய்ப்பாடு வரவேண்டும் என்பதற்காக அதிரும் பொருளின் ஆற்றலைத் துண்டுகளாக எண்ணினார். மில்லிகன் ஐன்ஸ்டீனின் சமன்பாடு சரி என்று தானே நிரூபித்த பிறகும் ஒளிச் சிப்பம் என்ற கருத்தை ஏற்கவில்லை. போர் அதைவிடப் பிடிவாதம். தன் அணுவிலிருந்து ஒரு தாவலுக்கு ஒரு அதிர்வெண் என்று ஒளியை வெளியே அனுப்பியவர், அந்த ஒளி துகளாகப் போகிறது என்பதை 1923இல் காம்ப்டன் எக்ஸ் கதிரில் காட்டிய பிறகும் எதிர்த்தார். ஆற்றல் அழிவின்மை விதியே தனித்தனி நிகழ்வுகளில் பொருந்தவேண்டியதில்லை என்று 1924இல் ஒரு கட்டுரையில் சொல்லும் அளவுக்குப் போனார், 1925இல் போத்தேயும் கைகரும் செய்த பரிசோதனை அதை மறுத்த பிறகுதான் இறங்கி வந்தார். இவ்வளவு அறிவாளிகள் இருபது ஆண்டுகள் எதிர்த்து நின்ற ஒரு கருத்தை, அரைப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகமே வராததுபோல எழுதினால் படிப்பவர் அதில் என்ன கஷ்டம் இருந்தது என்றே அறியாமல் போவார்.

பயன்பாட்டுக்கு வருவோம். குழாய்களின் மின்வழங்கி சில ஆயிரம் வோல்ட் தருவது. குழாயை மாற்றும்போது நிலைமாற்றியை அணைப்பது போதாது, செருகியையும் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். சிறுவர்களைத் தனியாக விடவேண்டாம். ஹைட்ரஜன் குழாயைத் தொடர்ந்து எரியவிடாதீர்கள், அரை நிமிடம் எரித்து அரை நிமிடம் ஆறவிட்டால் ஆயுள் நீளும், மூன்றில் சீக்கிரம் மங்கிப்போவது அதுதான். எனக்கு வந்த பெட்டியில் ஹைட்ரஜன் குழாய் முனையில் கீறலோடு வந்தது, விற்றவர்கள் மாற்றித் தந்தார்கள், ஆனால் படம் அனுப்பு, இன்னொரு கோணத்தில் அனுப்பு என்று இழுத்தடித்துத்தான் தந்தார்கள். குழாய்கள் நுரைப்பஞ்சில் நன்றாகப் பொதிந்து வருகின்றன, இருந்தாலும் திறந்த உடனே மூன்றையும் எரித்துப் பார்த்துவிடுங்கள்.

பள்ளி மேல்நிலை இயற்பியல் படிப்பவருக்கோ, கல்லூரி முதலாண்டு மாணவருக்கோ, சொல்லித்தரும் ஆசிரியருக்கோ இது பொருத்தம். வெறும் வேடிக்கைக்கு என்றால் நிறமாலைகாட்டியும் ஹைட்ரஜன், ஹீலியம் குழாய்களும் மின்வழங்கியும் தனியாகக் கிடைக்கின்றன, அவை மட்டும் போதும். முழுப் பெட்டியையும் வாங்குவதானால் அது ஒளிமின்கலத்துக்காகவும் இருக்கட்டும். வாங்கும்போதே கூடுதலாக ஒரு ஹைட்ரஜன் குழாயும் சேர்த்துக் கேளுங்கள், பின்னால் அதே முனை அளவில் தேடுவது சிரமம்.